ஆறாயிரத்துக்குக் கீழே

என் அண்ணன் ஆத்மநாதன் அந்த வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அண்ணனின் பட்டறை வல்லத்திராக்கோட்டை போகும் சாலையில், புதுக்கோட்டை டவுனை விட்டு வெளியே வந்ததும் இடது பக்கம் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்ததிலிருந்து கார் இன்ஜின்தான் அவர் வேலை. அதே கொட்டகையின் மறுபாதியில் டிங்கரிங் பார்த்தவர் பெரியகருப்பன், எங்கள் அண்ணி கண்ணாத்தாளின் கூடப்பிறந்த அண்ணன். ஒடுங்கிய கதவைத் தட்டி நேராக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மச்சான், மாப்ள என்று இருவரும் காலையில் ஆரம்பித்தால் கொட்டகை பூட்டும்வரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் திட்டுச் சத்தம் கேட்காத நாளில்தான் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்.

மாசி, பங்குனி வந்துவிட்டால் இருவரும் பட்டறையில் இருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் கோவில் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் விடுவார்கள். சாலையில் ஓடி, எல்கைக் கொடியில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வண்டியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பவர் சாரதி. கூடவே ஓடி மாட்டை விரட்டுபவர் துணைச் சாரதி. அண்ணன் சாரதி, பெரியகருப்பன் துணை. இவர்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. சாரதி சாலையை மட்டும்தான் பார்க்க வேண்டும். மாட்டின் கால் தடுமாறுகிறதா, பின்னால் எந்த வண்டி நெருங்குகிறது, அச்சு உரசுகிறதா, இதெல்லாம் கூட ஓடுகிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். அவன் "வலத்து மாடு தளருது" என்றால் சாரதி திரும்பிப் பார்க்கக் கூடாது. தன் கைக்கு அப்படித் தோன்றாவிட்டாலும் கயிற்றை அதற்கேற்பப் பிடிக்க வேண்டும். தன் உடம்பு சொல்வதைவிடப் பக்கத்தில் ஓடுகிறவன் சொல்வதை நம்புகிறவன்தான் நல்ல சாரதி என்று அண்ணன் சொல்வார். அப்படி நம்பித்தான் பல வருடம் ஜெயித்தார்கள்.

அவர்கள் வளர்த்த செவலைக் காளை ஒன்று நோய் வந்து செத்தபோது, அதன் கொம்புகளில் மாட்டியிருந்த பித்தளைக் குப்பிகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். தகட்டில் செய்த குப்பிகள், விளிம்பைச் சுற்றி ஆணியால் குத்திய புள்ளி வரிசை இருக்கும். அண்ணனின் குப்பி பட்டறைச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கியது. மற்றது பெரியகருப்பன் வீட்டுக்குப் போனது.

இந்தக் கொட்டகைக்குத்தான் ஜெகபர் சாதிக் தன் காரைக் கொண்டுவந்தார். கோட்டைப்பட்டினத்துக்காரர், பல வருடம் துபாயில் இருந்தவர். விடுமுறைக்கு வந்த நேரத்தில் பெங்களூரில் யாரிடமோ வாங்கியிருந்தார். ஜப்பான் வண்டி. இரண்டே கதவு, சாம்பல் நிறம், தரையோடு தரையாக இருக்கும். அதிலிருந்து இறங்குவதற்குள் சாதிக்குக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஆத்மாண்ணே, பேர்தான் ஸ்போர்ட்ஸ் கார். எங்க மாமாவோட டீசல் வண்டி இத ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. ஏமாத்திட்டானுங்க போலருக்கு."

அண்ணன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருச்சி பைபாஸ் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் சாதிக் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "யா அல்லாஹ், இது ரெண்டு வண்டிண்ணே" என்றார்.

உண்மையில் அது இரண்டு வண்டிதான். அண்ணன் எனக்கு அதை ஒரு பழைய கேம் தண்டைக் கையில் கொடுத்து விளக்கினார். இன்ஜினுக்குள் காற்றை விடவும் புகையை வெளியேற்றவும் வால்வுகள் இருக்கின்றன. சுழலும் தண்டில் உள்ள மேடுகள் அந்த வால்வுகளை அழுத்தித் திறக்கின்றன. மேடு சின்னதாக இருந்தால் வால்வு கொஞ்சம் திறந்து சீக்கிரம் மூடும். மெதுவாகப் போகும்போது அதுதான் சரி. வண்டி குலுங்காது, பெட்ரோல் வீணாகாது, சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்தாலும் நிற்காது. ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைக்கும் நேரம் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் போதுமான காற்று உள்ளே போக வேண்டுமென்றால் வால்வு இன்னும் உயரமாக, இன்னும் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய மேடு வேண்டும். பெரிய மேட்டை மட்டும் வைத்தால் பந்தயத்தில் பறக்கும், பஸ் ஸ்டாண்டு வாசலில் இருமி நின்றுவிடும். சாதாரண வண்டி செய்கிறவன் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

இந்த வண்டியில் இரண்டு மேடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று வரைக்கும் சின்ன மேட்டில் ஓடும். அதற்குள்ளேயும் எண்ணெயின் அழுத்தம் தண்டை வேகத்துக்குத் தகுந்தாற்போல் கொஞ்சம் முன்னே பின்னே திருப்பி, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். முள் ஆறாயிரத்தைத் தொட்டதும் ஒரு சின்ன எண்ணெய்வழி திறக்கும். எண்ணெய் ஓர் ஊசியைத் தள்ளும், வால்வுகள் பெரிய மேட்டுக்கு மாறிவிடும். கண் இமைக்கும் நேரம் கூட ஆகாது. அதுவரை தையல் மிஷின் மாதிரி ஓடியது தொண்டையைத் திறந்து கத்தும். முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். முள் எட்டாயிரத்தைத் தாண்டும்.

"இதுல என்னன்னா தம்பி, மாறுறது நேர் ரோட்டுல மாறணும். வளைவுல பாதில மாறுச்சுன்னா பின்னாடி சக்கரம் வழுக்கிரும். வளைவுக்கு முன்னாடியே சின்ன கியரு போட்டு, பெரிய மேடு வந்து உக்காந்துருச்சாங்கிறதத் தெரிஞ்சுக்கிட்டு அப்பறம் திருப்பணும். கியர் மாத்துறப்பவும் ஆறாயிரத்துக்குக் கீழ விழுந்துரக் கூடாது. விழுந்துச்சு, தையல் மிஷின்தான்."

அந்த வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்பதை அந்த மேடுகள்தான் முடிவு செய்தன. பயந்து ஓட்டுகிறவனுக்கு அது பாதியைத்தான் காட்டும்.

அண்ணி ஒரே ஒரு முறை அதில் ஏறினார். அன்னவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது அண்ணன் காலியான சாலையில் அழுத்தியிருக்கிறார். வீட்டு வாசலில் இறங்கிய அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"நல்லாத்தான் தம்பி போயிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு வண்டிமேல சாமி எறங்குன மாதிரி ஒரு சத்தம். ஒங்க அண்ணன் மொகத்தப் பாத்தேன். என்னைய அடையாளமே தெரியாத மாதிரி உக்காந்திருக்காரு."

அதற்கு மறுவாரம் அண்ணி தன் அண்ணனிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோவைக்குப் பக்கத்தில் ஒரு பந்தயத் தடத்தில், சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு நேரப் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள், குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறவர் ஜெயித்தவர். சாதிக் பெயர் கொடுத்தார், ஓட்டுவது அண்ணன். பெரியகருப்பனும் நானும் போனோம். முதல் நாள் பழகிப் பார்க்க விட்டதில் அண்ணன் எடுத்த நேரத்தைப் பார்த்து, கோவைக்காரப் பையன்கள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "எந்த ஊருண்ணா?" என்று ஒருவன் கேட்டான். "புதுக்கோட்டை." "அங்க ட்ராக் இருக்கா?" "இருக்கே, மாடு ஓடும்" என்றார் பெரியகருப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அண்ணன் வண்டியை எடுத்தார். நீளமான ஒரு வலப்பக்க வளைவு அந்தத் தடத்தில் உண்டு. அதில் நுழையும்போதே வண்டி சோர்ந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு வண்டிகளைப் பற்றி என்ன தெரியும்? அண்ணன் இறங்கி வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"மச்சான், மாறவே இல்லையே. முள்ளு ஆறாயிரத்தத் தாண்டிருச்சு, மாறலையே."

பெரியகருப்பன் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தவர். "மாறுச்சு மாப்ள" என்றார். "இங்கிட்டு நின்னு கேட்டேன். நல்லா மாறுச்சு."

"எனக்குத் தெரியலையே."

"நீதான் காலை எடுத்துட்ட."

"நானா?"

"வளைவுல. ஒனக்கே தெரியாம எடுத்துட்ட. சத்தம் அப்படியே எறங்கிப்போச்சு. வயசாகுதுல்ல மாப்ள, ஒடம்பு பயப்படத்தான் செய்யும்."

அண்ணன் பானட்டைத் திறந்தார். எண்ணெய் அளவு சரியாக இருந்தது. அந்த எண்ணெய்வழியைத் திறக்கும் வால்வுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. மூடிவிட்டுத் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"விடுங்கண்ணே, நமக்கென்ன கப்பு வாங்கி வாப்பாவுக்கா அனுப்பப் போறோம்" என்றார் சாதிக். அங்கிருந்தே வண்டியை லாரியில் ஏற்றிக் கோட்டைப்பட்டினத்துக்கு அனுப்பி, உறை போட்டு மூடிவிட்டு, அந்த வாரமே துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். அண்ணன் மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகவும் எனக்குத் தெரியவில்லை. கூட ஓடியவன் சொல்லிவிட்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது.

அதற்குப் பிறகு அண்ணன் சரி செய்த வண்டிகளைத் தானே ஓட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். "ஏண்ணே, நீங்க எடுங்க" என்றால், "இல்ல, ஒங்க வண்டி, ஒங்க காலுக்குத்தான் சரியாத் தெரியும்" என்பார். சாப்பிட உட்கார்ந்தால் வலது பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டே இருப்பார். திருச்சியில் நரம்பு டாக்டரைக்கூடப் பார்த்தோம். காலில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அண்ணன் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

பெரியகருப்பன் அதோடு விடவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. பந்தயக் களத்தில், டீக்கடையில், அவர் வாயிலிருந்துதான் அந்தக் கதை பரவியது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பந்தயத்தில் மாட்டுக்காரர் ஒருவர் அண்ணனைச் சாரதியாகக் கேட்க வந்தபோது, பக்கத்தில் நின்றவன் சொன்னான்: "யாரு, காலெடுத்த நாதனா? வேணாங்க, எல்கையில கயித்தையும் விட்டுட்டு வந்துருவாரு." சிரித்தவர்களில் பெரியகருப்பனும் ஒருவர். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த வருடம் பெரியகருப்பன் முதல்முறையாகச் சாரதியாக வண்டியில் உட்கார்ந்தார். வேறொருவன் பக்கத்தில் ஓடினான். அவர் நோக்கம் அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் கழித்துச் சாதிக் ஊர் திரும்பினார். கடற்காற்றில் கிடந்த வண்டி கிளம்பவில்லை. இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அண்ணன் அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்வழியை மூடித் திறக்கும் அந்தப் பாகத்தைக் கழற்றினார். இரண்டே போல்ட்டுதான். கழற்றியவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

பாகத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில், துளை இருக்க வேண்டிய இடத்தில் துளையே இல்லாத ஒரு தகடு வைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் வரும், வால்வு திறக்கும், எண்ணெய் மட்டும் அந்தத் தகட்டைத் தாண்டாது. எண்ணெய் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் சென்சார் அந்த வண்டியில் இல்லாததால் விளக்கும் எரியாது. பெரிய மேடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

அண்ணன் தகட்டைப் பெட்ரோலில் கழுவினார். பித்தளை. ஓரத்தில் ஆணியால் குத்திய புள்ளிகள் வரிசையாக இருந்தன. சுவரில் தொங்கிய குப்பியை எடுத்து அதன் விளிம்போடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒரே கையின் புள்ளிகள்.

"இது நம்ம செவலையோடது தம்பி" என்றார்.

எத்தனையோ தகடு கிடக்கும் கொட்டகையில் பெரியகருப்பன் ஏன் அந்தக் குப்பியை வெட்டினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எண்ணெயின் சூட்டைத் தாங்கும் மெல்லிய பித்தளை வேறு கிடைக்காமல் இருந்திருக்கலாம். என்றாவது பிரித்தால் தான்தான் என்று தெரியட்டும் என்று நினைத்திருக்கலாம். இரண்டாவதை நினைத்தால் அவர்மேல் இரக்கம் வந்துவிடும் என்பதால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

சாயங்காலம் பெரியகருப்பன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் தகட்டைத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். பெரியகருப்பன் அதைப் பார்த்ததும் காபியை எடுக்கவில்லை.

"எப்ப வச்ச?"

"அன்னைக்குக் காலையில. நீ குளிக்கப் போனப்ப." தம்ளரை நகர்த்திவிட்டு, "தங்கச்சி அழுதுச்சு மாப்ள. நீ செத்துருவன்னு அழுதுச்சு. நான் என்ன செய்ய?"

அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாப் போகச் சொல்லுண்ணேன்னுதான சொன்னேன். நீ சொன்னா கேப்பாருன்னுதான சொன்னேன்."

"தகடு வச்ச, சரி" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "உசுரோட இருக்கணும்னு வச்ச. நான் எறங்கி வந்து கேட்டேன்ல மச்சான்? மாறலையேன்னு கேட்டேன்ல? அப்பச் சொல்லிருக்கலாம்ல, ஆமா மாப்ள, நான்தான் வச்சேன்னு. ரெண்டு அடி அடிச்சிருப்பேன், சோத்துக்கு உக்காந்திருப்போம். காலை எடுத்துட்டன்னு ஏன் சொன்ன?"

பெரியகருப்பன் தகட்டின் புள்ளிகளை விரலால் தடவினார்.

"ரெண்டு வருசம் என் காலை நானே வேத்தாளாப் பாத்தேன்டா."

மச்சானை அவர் "டா" போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. பெரியகருப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொட்டகையின் அவர் பாதி காலியானது. ஊருக்கு உண்மையைச் சொல்லலாம் என்று நான் சொன்னபோது அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒங்க அண்ணி பேரு நடுவுல வரும். பொம்பளையச் சொல்லிச் சொல்லியே சிரிப்பானுங்க." ஆகவே ஊருக்கு அவர் கடைசிவரை காலெடுத்தவராகவே இருந்தார்.

தகட்டை எடுத்துவிட்டு இன்ஜினைத் திரும்பப் பூட்டிய அன்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினார். விடிந்த நேரம், பைபாஸில் ஆள் இல்லை. ஐயாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு. பிறகு அது வந்தது. அண்ணி சொன்னதுபோலத்தான் இருந்தது, எதுவோ வண்டிக்குள் இறங்கிய மாதிரி. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு என்னை நன்றாகவே அடையாளம் தெரிந்தது.

"காலைப் பாரு தம்பி. எடுக்கலேல்ல?"

"எடுக்கலண்ணே."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எடுக்கவே இல்லண்ணே."

அப்படியும் அவர் தன் கண்ணால் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அவரிடமிருந்து எடுத்தது முழுதாகத் திரும்பி வரவில்லை என்று எனக்கு அந்தக் கணம் புரிந்தது. முன்பெல்லாம் கார் ஓட்ட யாரையும் கேட்காதவர், என்னைக் கேட்ட பிறகும் தன் காலை நம்பவில்லை. அடுத்த மாசி வருவதற்குள் பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வேகமாகப் போனதால் அல்ல.

மச்சான் முறைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் பெரியகருப்பன் வந்து செய்தார். அவரைத் தடுக்க முறை இல்லை. பதினாறாம் நாள், பந்தல் பிரித்த பிறகும் அவர் போகவில்லை. பட்டறை வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்தார். சாதிக் அதை விற்கச் சொல்லிவிட்டு மறுபடியும் போயிருந்தார், வாங்குகிறவர் வந்து எடுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி.

"தம்பி, ஒரு தடவ என்னைய வச்சு ஓட்டுறியா?"

"எதுக்கு?"

"அன்னைக்கு முதநாள் கேட்டதுதான். அதுக்கப்பறம் நான் அதக் கேக்கவே இல்ல." அவர் கண் வண்டியின் மேலேயே இருந்தது. "மாப்ள ஓட்டுன வண்டி. அது மாறுறத ஒரு தடவ கேட்டுட்டுப் போயிர்றேன்."

சாவியை எடுத்து வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, இன்ஜின் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று தலையை வெளிப்பக்கம் சாய்த்துக்கொண்டார். பைபாஸில் ஏறினேன். அண்ணன் சொல்லித் தந்தது எல்லாம் நினைவிருந்தது. நான்காயிரம், ஐயாயிரம். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. சாலை நேராக, காலியாக இருந்தது.

ஐயாயிரத்து எண்ணூறில் காலை எடுத்தேன்.

கியர் மாற்றினேன். முள் கீழே விழுந்து மறுபடியும் ஏறியது. பெரியகருப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஐயாயிரத்து எண்ணூறு. மறுபடியும் எடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு குனிந்து என் வலது காலைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை மறுபடியும் வெளிப்பக்கம் சாய்த்துக்கொண்டார். காற்றில் துண்டு படபடக்க அப்படியே காதை வெளியே நீட்டியபடி வந்தார்.

போன தூரமெல்லாம் திரும்பி, பட்டறை வாசல் வரை, ஆறாயிரத்துக்குக் கீழேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன்.